சொட்டும் நீரும் தொட்டிச் செடியும்



ஆடி, ஆவணி மாதங்களில் டில்லியிலுள்ள அரசாங்கக் குடியிருப்பு ஒன்றின் வழியே இரவு ஒன்பது மணிக்கு மேல் நடந்து செல்வோர் ஓர் ஓசையைக் கேட்கலாம். மழை ஓய்ந்திருக்கும், வானத்தில் நட்சத்திரங்கூடத் தெரியும். ஆயினும் மாடிக்கு மாடி நீர் சொட்டிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு மேலிருக்கும் தகரத்தின் மீது ஒரு சொட்டு, கீழே நிறுத்திய ஸ்கூட்டரின் இருக்கை மீது ஒரு சொட்டு, நடந்து போகிறவரின் பிடரியில் ஒரு சொட்டு. இது மழை நீரன்று, குழாய் நீருமன்று. ஏ.ஸி. என்று நாம் சுருக்கமாக வழங்கும் குளிர்சாதனப் பொறி, அறையிலுள்ள காற்றிலிருந்து பிழிந்தெடுத்து வெளியே தள்ளும் நீர். இந்த நீரைப் பிடித்து வைத்துச் செடிகளுக்கு ஊற்றுவதைப் பற்றியே இன்று சில சொல்ல எண்ணுகிறோம். பொருள் சிறியது. ஆனால் இச்சிறு பொருளில் நாங்கள் ஒரு பெரிய தவறு செய்து அதனின்றும் பாடம் கற்றவர்கள். அதையும் மறைக்காமல் சொல்வோம்.

முதலில் டில்லியின் கோடையைப் பற்றி ஒரு வார்த்தை. டில்லிக்குக் கோடை ஒன்றன்று, இரண்டு. மே மாதத்தில் வருவது முதற்கோடை. மேற்கே ராஜஸ்தானத்திலிருந்து 'லூ' என்னும் அனற்காற்று வீசும். துணி உலர்த்தினால் கால் மணியில் காய்ந்துவிடும், உதடு வெடிக்கும், வியர்வை தோன்றுமுன்னே மறைந்துவிடும். ஜூன் இறுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ பருவமழை வந்ததும் இரண்டாவது கோடை தொடங்குகிறது. வெப்பம் ஆறேழு டிகிரி இறங்கும். ஆயினும் காற்றில் ஈரம் நிறைந்து, உப்பு ஜாடியில் உப்புக் கசியும், அப்பளம் நமத்துப்போகும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் பிறந்து வளர்ந்தோருக்கு இந்த இரண்டாவது கோடை பழகிய விருந்தாளி, முதலாவதே புதியது.

இவ்விரு கோடைகளுக்கும் இருவேறு பரிகாரங்கள் உண்டு. வறண்ட கோடைக்குக் கண்ட பழைய பரிகாரம் வெட்டிவேர்த் தட்டி. வாயிலிலும் ஜன்னலிலும் வெட்டிவேரால் பின்னிய தட்டியைத் தொங்கவிட்டு நீர் தெளிப்பார்கள். அனற்காற்று அதனூடே புகும்போது நீர் ஆவியாகும். ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். உள்ளே மணமும் குளிர்ச்சியும் கலந்து வரும். அத்தட்டியின் பேரப்பிள்ளையே இன்று வட நாட்டு வீடுகளிலெல்லாம் காணப்படும் 'கூலர்' என்னும் தகரப் பெட்டி. காற்று ஈரமாகிவிட்டால் கூலர் பயனற்றுப் போகிறது, அப்பொழுது ஏ.ஸி. வேண்டியிருக்கிறது. இவ்விரண்டிற்கும் ஒரு வேற்றுமையை நினைவிற் கொள்ள வேண்டும். கூலர் நீரைக் குடிப்பது, ஏ.ஸி. நீரை உமிழ்வது.

அது ஏன் உமிழ்கிறது? குளிர்ந்த மோர் நிறைந்த டம்ளரை ஆவணி மாதத்தில் மேசைமேல் வைத்தால் சற்று நேரத்தில் டம்ளரின் வெளிப்புறம் வியர்த்துவிடுவதைப் பார்த்திருக்கிறோம். டம்ளர் ஒழுகுவதில்லை, காற்றிலிருந்த நீராவியே குளிர்ந்த உலோகத்தின்மீது படிந்து துளியாகிறது. சூடான காற்றுக்கு நீராவியைத் தாங்கும் ஆற்றல் மிகுதி. குளிர்ந்த காற்றுக்குக் குறைவு. ஒரு கன மீட்டர் காற்று 35 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 40 கிராம் நீராவியைத் தாங்க வல்லது. அதுவே 10 டிகிரியில் ஏறத்தாழ 9 கிராம் மட்டுமே தாங்கும். ஏ.ஸி.யின் உள்ளே இருக்கும் உலோகச் சுருள், ஏறக்குறைய அந்த மோர் டம்ளரின் குளிர்ச்சியில் இருக்கிறது. அதன்மீது அறைக்காற்றை விசிறி தள்ளுகிறது. தாங்க முடியாத நீரைக் காற்று அங்கே விட்டுச் செல்கிறது. அது தட்டில் வடிந்து, குழாய் வழியே வெளியேறுகிறது. இவ்வளவுதான் இதிலுள்ள மர்மம்.

இந்தக் கணக்கினாலேயே இன்னொன்றும் விளங்குகிறது. மே மாதத்தில் 42 டிகிரி வெயிலில், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்குப் பதினைந்து என்றிருக்கும் பிற்பகலில், ஒரு கன மீட்டர் காற்றில் இருப்பது எட்டு, எட்டரை கிராம் நீராவிதான். பத்து டிகிரிச் சுருள்கூட அதனிடமிருந்து எதையும் பறிக்க முடியாது. ஜூலை இறுதியில் 34 டிகிரியும் நூற்றுக்கு எழுபது ஈரமும் இருக்கும்போது அதே அளவு காற்றில் 26 கிராம் இருக்கிறது. ஆகவே ஒரே பொறி மே மாதத்தில் வறட்டுக் கஞ்சனாகவும் ஜூலையில் வள்ளலாகவும் விளங்குகிறது. எங்கள் வீட்டு வாளி மே மாத இரவுகளில் அடிமட்டுமே நனைந்திருக்கும். ஆடியில் விடியும்போது பத்து லிட்டர் வாளி நிரம்பி நிற்கும்.

இவ்விடத்தில் வரலாறு ஒன்று சொல்லத் தகும். இன்றைய குளிர்சாதனப் பொறி பிறந்தது மனிதரைக் குளிர்விப்பதற்கன்று. 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில் ஒரு தொல்லை இருந்தது. வண்ணப் படங்களை அச்சிடும்போது ஒரு வண்ணத்திற்குப் பின் மற்றொரு வண்ணம் ஏற்ற வேண்டும். ஈரக் காற்றில் காகிதம் விரியும். உலர்ந்த காற்றில் சுருங்கும். வண்ணம் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகும். இதைத் தீர்க்க வில்லிஸ் காரியர் என்னும் இளம் பொறியியலாளர், குளிர்ந்த குழாய்ச் சுருள்களின்மீது காற்றைச் செலுத்தி அதன் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பொன்றை வரைந்து கொடுத்தார். ஆகவே முதலில் வேண்டப்பட்டது ஈரம் நீக்கும் பொறி. குளிர்ச்சி அதனுடன் வந்த கொசுறு. இன்று ஈரம் நீக்குவதற்கென்றே தனியாகவும் பொறிகள் விற்கப்படுகின்றன. சுவடிகளையும் ஓவியங்களையும் காக்கும் இடங்களிலும், மழைக்காலத்தில் சுவர் பூஞ்சணம் பிடிக்கும் கடலோர வீடுகளிலும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றின் அடியில் உள்ள தொட்டி நிரம்பினால் பொறி தானே நின்றுவிடும். தொட்டியைக் கவிழ்த்துவிட்டு மீண்டும் ஓட்ட வேண்டும். அந்தத் தொட்டி நீருக்கும் ஏ.ஸி. நீருக்கும் பிறப்பு ஒன்றே. எனவே இனி நாம் சொல்வன இரண்டிற்கும் பொருந்தும்.

எவ்வளவு நீர் கிடைக்கும் என்பதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். கடையில் 'ஒன்றரை டன்' என்று சொல்கிறார்களே, அந்த டன் பொறியின் எடையன்று. இரண்டாயிரம் பவுண்டு பனிக்கட்டி இருபத்து நான்கு மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தைக் கவருமோ, அந்த வேகத்திற்கு ஒரு டன் என்று பெயர். அது ஏறத்தாழ மூன்றரைக் கிலோவாட். ஒன்றரை டன் பொறி முழு வேகத்தில் ஓடும்போது ஐந்தே கால் கிலோவாட் வெப்பத்தை அறையினின்றும் அகற்றுகிறது. மழைக்காலத்தில் அதில் கால் பங்கு நீராவியைத் துளியாக்குவதிலே செலவாகிறது என்று கொள்வோம். ஒரு லிட்டர் நீர் துளியாக ஏறத்தாழ 0.68 யூனிட்டு வெப்பம் அகல வேண்டும். கணக்கிட்டால் மணிக்கு இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. பொறி இரவு முழுதும் முழு வேகத்தில் ஓடுவதில்லையாதலால் எட்டு மணி நேரத்தில் ஒரு வாளி என்பது நியாயமான எதிர்பார்ப்பு. மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக் காற்று நகரங்களில் வாழும் அன்பர்களுக்கு இந்த வாளி கோடைத் தொடக்கத்திலேயே நிரம்பத் தொடங்கும். நாகபுரி, ஆமதாபாத் போன்ற இடங்களில் வாழ்வோர் எங்களைப் போல மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும்.

இனி இந்த நீரின் குணத்தைப் பார்ப்போம். இது ஆவியாகிப் படிந்த நீராதலால் இதில் கரைந்த உப்பு மிகமிகக் குறைவு. டில்லியின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. அத்தகைய நீரைத் தொட்டிச் செடிக்கு ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் மண்ணின் மேற்புறத்திலும் மண்தொட்டியின் வெளிப்புறத்திலும் வெண்மையான பொருக்குப் படிவதைக் காணலாம். வயலாக இருந்தால் பெருமழையில் அந்த உப்புக் கழுவப்பட்டுப் போகும். கூரைக்குக் கீழே நிற்கும் தொட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. இலை நுனிகள் கருகும். 'தினமும் நீர் ஊற்றுகிறோமே, ஏன் வாடுகிறது?' என்று நாம் வருந்துவோம். நீரே காரணமாக இருக்கும். ஏ.ஸி. நீரைத் தொட்டியின் அடித்துளை வழியே வழியுமாறு தாராளமாக ஊற்றினால் சேர்ந்த உப்பு சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும். பெரணி, ஆந்தூரியம் போன்று உப்பைப் பொறாத செடிகளுக்கு இது மிகவும் ஏற்றது.

எங்கள் வீட்டில் இதன் பயனைப் பெற்றது ஒரு கறிவேப்பிலைச் செடி. ஊரிலிருந்து அம்மா வந்தபோது, கொல்லையில் தாய்மரத்தின் வேரிலிருந்து கிளைத்த கன்று ஒன்றை ஈரத் துணியில் சுற்றி, ரயிலில் இரண்டு இரவு மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் வீடுகளில் இத்தகைய செடி ஒன்று இல்லாத வீடு அருமை. பூச்செடி வாடினால் பொறுத்துக்கொள்கிறோம். அந்தச் செடி வாடினால் ஊரே வாடுவதுபோல் மனம் கலங்குகிறது. டில்லியின் குளிரில் அது இலையுதிர்த்துக் குச்சியாய் நிற்கும். மாசி கழிந்து வெயில் ஏறியதும் மீண்டும் துளிர்க்கும். அந்தக் குச்சி செத்துவிட்டதென்று எண்ணிப் பிடுங்கி எறிந்தவர்களையும் நாங்கள் அறிவோம். சில ஆண்டுகளாக எங்கள் செடியின் இலைகள் மஞ்சளித்து நுனி கருகி வந்தன. ஏ.ஸி. நீரை ஊற்றத் தொடங்கிய மழைக்காலத்தின் முடிவில் புதிய கொழுந்துகள் பச்சையாக வந்தன. ஆனால் நீர் ஒன்றே போதுமென்று எண்ணிவிடலாகாது. இந்த நீரில் உப்பு இல்லை என்றால் செடிக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து முதலியனவும் இல்லை என்றே பொருள். ஆதலின் மாதம் ஒருமுறை மக்கிய சாண எருவோ இலை எருவோ இடுதல் அவசியம்.

மற்றொரு யோசனையும் சொல்வோம். இன்று நகரங்களில் பலர் வீட்டில் ஆர்.ஓ. என்னும் நீர் வடிக்கும் பொறி இருக்கிறது. அது ஒரு குடம் நல்ல நீர் தருவதற்கு, அதற்கு மேற்பட்ட உப்பு நீரைக் கழிவாக வெளியே விடுகிறது. அந்தக் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றினால் உப்பு ஏறும். கொட்டிவிடவும் மனம் வராது. லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் உப்புள்ள அத்தகைய கழிவு நீருடன் சம அளவு ஏ.ஸி. நீரைக் கலந்தால் உப்பின் அளவு ஏறத்தாழ 600 ஆகிவிடும். பெரும்பாலான செடிகள் இதனைத் தாங்கும். தனித்தனியே ஒன்று மிகையும் ஒன்று குறையுமாக இருக்கும் இரண்டு கழிவு நீர்கள் சேர்ந்து நல்ல நீராகின்றன.

இனி எங்கள் கதைக்கு வருவோம்.

நாங்கள் முதன்முதல் ஏ.ஸி. வாங்கிய ஆண்டில் அதன் நீர்க்குழாயை எல்லோரையும்போல் வெளியே தொங்கவிட்டோம். நீர் கீழ்வீட்டாருடைய துணிக்கொடியின்மீது சொட்டியது. கட்வால் மலைப்பகுதியைச் சேர்ந்த குடும்பம் அது. கணவன், மனைவி, ஒன்பது வயதுப் பையன். அந்த அம்மையார் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மாடியேறி வந்தார். "பாயி சாஹப், வானத்து மழைக்குப் பயந்து துணியை உள்ளே எடுத்தேன், உங்கள் வீட்டு மழைக்கு எங்கே ஒளிப்பது?" என்று இந்தியில் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நாங்களும் கோபமாகப் பதில் சொல்லியிருப்போம். அவர் சிரித்துக்கொண்டு கேட்டதால் வெட்கமாகப் போயிற்று. அன்று மாலையே குழாயைத் திருப்பிப் பால்கனிக்குள் விட்டு, அதன் கீழ் ஒரு வாளியை வைத்தோம். செடிக்கு நீர் ஊற்றும் பழக்கம் இவ்வாறு ஒரு சண்டையைத் தவிர்ப்பதற்காகத் தொடங்கியதே.

முதல் ஆண்டுகளில் ஒழுங்காக ஊற்றினோம். பிறகு மழை மிகுந்த ஓர் ஆவணியில், செடிகள் நனைந்தே இருந்தமையால் வாளியை அப்படியே விட்டுவிட்டோம். நிரம்பி வழிந்தது, வழியட்டும் என்றிருந்தோம். அதற்கப்பால் இன்னொரு பழைய டப்பாவிலும் நீரைச் சேர்த்து வைத்தோம், மழை நின்றால் உதவுமென்று. அது 2015ஆம் ஆண்டு. டில்லியில் டெங்குக் காய்ச்சல் மிகக் கடுமையாகப் பரவிய ஆண்டு. அவ்வாண்டில் பதினையாயிரத்துக்கு மேற்பட்டவர் அந்நோயால் பீடிக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. 1996ஆம் ஆண்டில் இந்நகரத்தில் அதே நோயால் நானூறு பேருக்கு மேல் மாண்டதை மூத்தவர்கள் அடிக்கடி சொல்வதுண்டு.

புரட்டாசி பிறந்த சில நாட்களில் கீழ்வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் மருத்துவமனையில் சேர்த்தார்கள், டெங்கு என்றார்கள். அன்றே மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் இருவர் எங்கள் கட்டடத்துக்கு வந்து வீடு வீடாகக் கூலரையும் தொட்டிகளையும் பார்வையிட்டார்கள். எங்கள் பால்கனிக்கு வந்தவர் வாளியின்மேல் கைவிளக்கை அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எங்களையும் அருகே அழைத்தார். தெளிந்த நீருக்குள் நூற்றுக்கணக்கான கூத்தாடிப் புழுக்கள் நெளிந்து ஆடிக்கொண்டிருந்தன. செடி தழைக்கச் சேர்த்த நீர் அது. அவர் அதனைத் தரையில் கவிழ்த்துவிட்டு ஒரு நோட்டீசை எழுதிக் கொடுத்துச் சென்றார்.

பையனைக் கடித்த கொசு எங்கள் வாளியில் பிறந்ததா, வேறெங்கேனும் பிறந்ததா என்பதை எவராலும் சொல்ல இயலாது. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடீஸ் கொசு தான் பிறந்த இடத்தை விட்டு நெடுந்தூரம் பறப்பதில்லை என்பதையும், சாக்கடையை அன்றித் தெளிந்து தேங்கிய நீரையே அது முட்டையிட நாடுகிறது என்பதையும், பகலிலே கடிப்பது என்பதையும் நாங்கள் அன்று அறிந்துகொண்டோம். எட்டு நாள் அந்தக் குடும்பம் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தது. நாங்கள் மாறி மாறிச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தோம். பையன் பிழைத்து வந்தான். வந்த அன்று வாளியைப் பற்றி அவர்களிடம் நாங்களே சொன்னோம். அந்த அம்மையார் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எங்கள் கூலரிலும் புழு இருந்தது, பாயி சாஹப்" என்றார். அது உண்மையா, எங்கள் மனத்தைத் தேற்றுவதற்குச் சொன்னதா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கேட்கவும் துணிவு வந்ததில்லை.

ஆகவே, நேயர்களே, ஏ.ஸி. நீரைப் பிடிக்க விரும்புவோர்க்கு முதல் விதி இது: இரவில் பிடித்த நீரை மறுநாளே ஊற்றிவிட வேண்டும். சேமித்து வைக்கலாகாது. ஏடீஸ் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறப்பதற்கு வெப்பமான காலத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மீண்டும் நீர்பட்டதும் பொரிக்கும். ஆதலின் வாரம் ஒருமுறை வாளியைக் கவிழ்த்து உட்புறத்தைத் தேங்காய் நாரினால் அழுத்தித் தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும். செடித் தொட்டியின் கீழ் வைக்கும் தட்டுகளுக்கும் இதே விதி. வாளிக்கு மூடியிட்டு, குழாய் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, அதனைச் சுற்றி வலைத்துணியைக் கட்டிவிடுதல் இன்னும் நன்று. செடிகளுக்கு வேண்டாத நாளில் அந்த நீரைக்கொண்டு மாடிப்படியைக் கழுவிவிடலாம்.

இரண்டாவது விதி, குழாயைப் பற்றியது. குழாய் பொறியிலிருந்து வாளிவரை இறக்கமாகவே செல்ல வேண்டும். இடையில் மேலெழுந்து தாழ்ந்தால் அங்கே நீர் தேங்கும். குழாயின் முனை வாளி நீருக்குள் அமிழலாகாது. அமிழ்ந்தால் நீர் தடைப்பட்டு அறைக்குள்ளே சுவர் வழியே இறங்கும். நிரம்பிய வாளியைக் கைப்பிடிச் சுவரின்மேல் ஒருபோதும் வைக்கலாகாது. பத்து லிட்டர் என்பது பத்துக் கிலோ. கீழே குழந்தைகள் விளையாடுவார்கள்.

மூன்றாவது விதி, இந்த நீரைக் குடிக்கலாகாது. தெளிவாயும் குளிர்ந்தும் இருப்பது கண்டு இது வாலை வடித்த நீர்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். பிறக்கும்போது தூய்மையானதே, ஆனால் அது ஒழுகி வரும் வழி தூய்மையானதன்று. சுருளின் செம்பும் அலுமினியமும் சிறிதளவு அதிற் கலக்கும். அறையின் தூசு கலக்கும். தட்டில் படியும் பாசியில் கிருமிகள் வளரும். 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஓட்டல் ஒன்றில் கூடிய படைவீரர் மகாநாட்டையொட்டி நுரையீரற் காய்ச்சல் ஒன்று பரவி 34 பேர் மாண்டனர். கட்டடத்தைக் குளிர்விக்கும் பெரிய பொறியமைப்பின் நீர்க்கோபுரமே அதன் பிறப்பிடமாகக் கருதப்பட்டது. நம் வீட்டு ஏ.ஸி.யும் அந்தக் கோபுரமும் ஒன்றல்ல. எனினும் குளிர்சாதனத்தோடு தொடர்புடைய நீரைத் துவாலையாகத் தெளிக்காமல், மண்ணில் மெதுவாக ஊற்றுவதே அறிவுடைமை என்பதற்கு அது சான்று. பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, கீரை ஆகியவற்றின் இலைமேல் இதனை ஊற்றாமல் வேரில் ஊற்றுக. மீன் தொட்டியில் இதனை விடலாகாது. செம்பு கலந்த நீர் மீனுக்கு நஞ்சு. பொறியைப் பழுது பார்ப்பவர் வந்து ரசாயனக் கரைசலால் சுருளைக் கழுவிய நாளன்றும் மறுநாளும் வரும் நீரைச் சாக்கடையில் விட்டுவிடுக.

இந்த முயற்சி எங்கள் பால்கனியோடு நின்றுவிட்டதன்று. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வற்றியபோது, அங்கே பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஏ.ஸி. நீரை வாளிகளில் பிடித்துக் கழுவுவதற்கும் துடைப்பதற்கும் செடிகளுக்கும் பயன்படுத்தினார்கள். கடலோர நகரமாதலால் வறட்சியிலும் அங்கே காற்றில் ஈரம் குறைவதில்லை. ஏரி வற்றிய ஊரில் வானில் நீர் நிறைந்திருந்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. துபாயில் புர்ஜ் கலீபா என்னும் உலகின் மிக உயர்ந்த கட்டடத்தில் குளிர்சாதன நீரைக் குழாய்களால் திரட்டி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி காலன் பெற்று, சுற்றியுள்ள பூங்காவுக்குப் பாய்ச்சுகிறார்கள். அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரத்தில், புதிய வணிகக் கட்டடங்கள் இந்த நீரைத் தனியே திரட்டத் தக்கவாறு குழாய் அமைக்க வேண்டுமென்று விதியே உண்டு.

டில்லியின் நிலை வேறுவகையில் பாடம் புகட்டுவது. 2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றி, ரப்பர்க் குழாயால் வண்டி கழுவுவோருக்கும் நீரை வீணாக்குவோருக்கும் இரண்டாயிரம் ரூபாய் அபராதம் என்று டில்லி அரசு அறிவித்தது. லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு மக்கள் ஓடினார்கள். ஒரு மாதங்கூடக் கழியவில்லை. ஜூன் 28ஆம் நாள் காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. வீதிகள் வெள்ளக்காடாயின. அந்த வெள்ளம் முழுதும் சாக்கடை வழியே யமுனைக்குப் போயிற்று. இந்நகரத்தை ஆண்டவர்கள் ஒரு காலத்தில் மழை நீரைப் பிடித்து வைக்கவே ஹவுஸ் காஸ் ஏரியையும் மெஹ்ரௌலியில் ஹவுஸ்-இ-ஷம்சியையும் படிக்கிணறுகளையும் வெட்டினார்கள். நாம் அவற்றைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம்.

இவ்வளவு சொன்ன பின் இதன் எல்லையையும் சொல்லிவிடுதல் நேர்மை. ஒரு வாளி ஏ.ஸி. நீரால் நகரத்தின் தாகம் தீராது. நீருக்காக ஏ.ஸி.யை ஓட்டுவது, சாம்பலுக்காக வீட்டைக் கொளுத்துவது போன்றது; மின்சாரம் செலவாகும், அறையின் வெப்பமும் தெருவிலே கொட்டப்படும். மேலும் செடிக்கு மிகவும் தாகமான மே மாதத்தில் இந்த நீர் கிடைப்பதில்லை. கிடைக்கும் ஆடியில் மழையே செடியை நனைக்கிறது. ஆகவே இதன் உண்மையான பயன், மழை எட்டாத கூரைக்கடிச் செடிகளுக்கும், மழை ஓய்ந்தும் புழுக்கம் ஓயாத புரட்டாசி நாட்களுக்கும் உரியது. மே மாதத்திற்கு நம் பாட்டிமார் காட்டிய வழி இருக்கிறது: அரிசி களைந்த கழுநீரும் காய்கறி அலம்பிய நீரும். அவற்றிற்கு மின்சாரமும் வேண்டியதில்லை.

'பின் ஏன் இவ்வளவு பாடு?' என்று கேட்கலாம். பிடிக்காமல் விட்டால் அந்த நீர் எங்கோ மறைந்துவிடுவதில்லை. கீழ்வீட்டுக் கொடியிலோ வழிப்போக்கர் தலையிலோ விழுகிறது. பிடித்துவிட்டு மறந்தால் பிறர் குழந்தையின் உயிருக்கே உலை வைக்கிறது. பிடித்து, மறுநாளே பயன்படுத்தினால் ஒரு செடி பிழைக்கிறது. நம் வீட்டிலிருந்து வெளியேறும் ஒவ்வொன்றும் இன்னொருவர் வீட்டில் போய்ச் சேருகிறது என்பதை எங்களுக்கு உணர்த்தியது அந்த வாளி. அயலூரில் வாழும் நமக்கு அயலாரே சுற்றத்தார். அவர்களுக்குத் தீங்கு வராமல் காப்பது நம் முதற்கடன்.

எங்கள் கறிவேப்பிலைச் செடி இப்பொழுது ஆள் உயரம் வளர்ந்திருக்கிறது. அதன் வேரில் கிளைத்த கன்று ஒன்றைக் கீழ்வீட்டார் கேட்டு வாங்கிச் சென்றார்கள். 'கடி பத்தா' என்று அவர்கள் அழைக்கும் அந்தச் செடிக்கு நீர் ஊற்றுவது அந்தப் பையனுடைய பொறுப்பு. அவன் இப்பொழுது வாலிபன். ஆவணி மாதக் காலைகளில் மாடியேறி வந்து, எங்கள் வாளியை எடுத்துச் சென்று தன் செடிக்கு ஊற்றிவிட்டு, வாளியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறான். கவிழ்த்து வைக்க வேண்டுமென்று அவனுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்ததில்லை.